சிட்டுக்கு வராத நோய்

வியாகுலம்பட்டிக்குப் போய் செபஸ்தியம்மாள் வீடு எது என்று கேட்டால், வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் அவள் வாயைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். கண்டக்டரோடு மல்லுக்கு நின்று டவுன் பஸ்ஸையே நகரவிடாமல் பண்ணியவள், கோயில் வாசலில் நின்று கமிட்டிக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டவள், சாமியாரையே எதிர்த்துப் பேசியவள் என்று வரிசையாக வரும். எதற்காகக் கிழித்தாள் என்று மட்டும் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள். மாற்றாமல் என்ன செய்வார்கள், அதைச் சொன்னால் அவர்கள் மானமல்லவா போகும்!

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ் திரும்பி நிற்கிற இடம் வியாகுலம்பட்டி. வானம் பார்த்த பூமி. முக்கால்வாசிப் பேர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மழை ஏமாற்றினாலும் வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது மாட்டினால்தான். தொண்ணூறுகள் பிறப்பதற்குள் வீட்டுக்கு வீடு ஜெர்சி கலப்பு மாடு வந்துவிட்டது. கூடவே மடிநோயும் வந்தது. இரண்டாவது ஈத்தில் தப்பினால் மூன்றாவது ஈத்தில் பிடித்துக்கொள்ளும். மடி கல்லாய் இறுகும், தொட்டால் மாடு துடிக்கும், காம்பைப் பீய்ச்சினால் பாலுக்குப் பதில் சீழும் ரத்தமும் வரும். மாடு பிழைத்தாலும் ஒரு காம்போ இரண்டு காம்போ செத்துப்போகும். திண்டுக்கல் நாகல் நகர் டீக்கடைக்காரர்கள் வியாகுலம்பட்டிப் பால் என்றாலே கொஞ்சம் காய்ச்சிப் பார்த்து, திரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாங்கினார்கள். கண்ணேறு என்றார்கள், புண்ணாக்கில் கலப்படம் என்றார்கள், தண்ணீர் சரியில்லை என்றார்கள்.

வைத்தியம் ஒரு பக்கம் நடக்கும். கற்றாழையும் மஞ்சளும் அரைத்து மடியில் பூசுவார்கள். கையில் காசிருப்பவர்கள் டாக்டரைக் கூட்டிவந்து ஊசி போடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வனத்து அந்தோணியார் இருந்தார், ஆடு மாடுகளைக் காக்கிறவர். ‘மாட்டப் பொழைக்க வச்சுக் குடு சாமி, அடுத்து விழுற காளைக்கன்னு ஒனக்கு’ என்று நேர்ந்துகொள்வார்கள். தை மாதத் திருவிழாவன்று அந்த நேர்ச்சைக் கன்றுகளைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கோயில் வாசலில் கட்டுவார்கள். பழைய கோயில் காளைக்கு வயதாகியிருந்தால், அவற்றில் வாட்டசாட்டமான ஒன்றைக் கமிட்டி தேர்ந்தெடுத்து, மாலை போட்டு, தீர்த்தம் தெளித்து ஊருக்குள் அவிழ்த்துவிடும். மற்றவை ஏலத்துக்குப் போகும். அவிழ்த்துவிட்ட காளைதான் ஊர் மாடுகள் அத்தனைக்கும் மாப்பிள்ளை. அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் அதட்டக்கூடாது. அது இருக்கும்போது வேறு எவரும் காயடிக்காத காளையை ஊருக்குள் வைத்திருக்கவும் கூடாது. இது கட்டுப்பாடு.

செபஸ்தியம்மாளின் முதல் மாடு இந்த நோயில்தான் போனது. முழங்கால் வரை தொங்குகிற மடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய மாடு. மூன்று காம்பும் செத்து அதை அடிமாட்டுக்கு ஏற்றிவிட்ட அன்று, அவள் வாசலில் உட்கார்ந்து அழவில்லை, திட்டினாள். தரகனைத் திட்டினாள், சந்தையைத் திட்டினாள், அந்த மடியைப் பார்த்துச் சப்புக்கொட்டிய தன் கண்ணையும் சேர்த்துத் திட்டினாள். சந்தைக்குக் கொண்டுவருகிற மாட்டை முந்தின நாளே கறக்காமல் விட்டு, மடி வீங்க வைத்து, வலியில் கால் அகட்டி நிற்கிற மாட்டைக் காட்டி ‘மடியப் பாருங்க மடிய’ என்று கூவுகிற கூத்து அவளுக்கு அதன் பிறகுதான் உறைத்தது.

அடுத்த தடவை சந்தைக்கு அவளே போனாள். மூலையில் ஒரு மாடு விலை கேட்பாரற்று நின்றது. வயிற்றோடு ஒட்டிய, கைக்கு அடக்கமான மடி. அதைப் பிடித்துக்கொண்டு வந்து சிட்டு என்று பேர் வைத்தாள். கோயில் கமிட்டித் தலைவர் பங்கிராஸ் வழியிலேயே மறித்துக்கொண்டார்.

“ஏத்தா செபஸ்தி, மாடு வாங்கப் போனியா, வெள்ளாடு வாங்கப் போனியா?”

“வெள்ளாடுதான்ணே. ஒங்க கொல்லைப் பக்கந்தான் மேய விடப்போறேன், வேலிய அடைச்சு வச்சுக்கங்க” என்றாள் அவள்.

சிட்டு குடம் குடமாய்க் கொட்டவில்லை. ஆனால் கொடுத்த பால் நாள் தவறாமல் கொடுத்தது. ஈத்துக்கு மேல் ஈத்தாகக் கன்று போட்டது. மடியில் ஒரு சூடு, ஒரு வீக்கம், பாலில் ஒரு திரி கிடையாது. தெருவில் எல்லா மாடும் மடிநோயில் கிடந்த மழைக்காலத்தில்கூட சிட்டு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பெருமை செபஸ்திக்குக் கொஞ்ச நஞ்சமில்லை. யார் வந்தாலும் மடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். இதற்காகவே சிலபேர் அந்தப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள்.

அப்புறம் சிட்டின் மகள் செவலைக்கு வந்தது. இரண்டாவது ஈத்தில், கன்று போட்ட கையோடு மடி இறுகிவிட்டது. செபஸ்திக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தாய்க்கு வராதது மகளுக்கு எப்படி வரும்? அதே மாட்டுக் கொட்டம், அதே தவிடு, கறப்பதும் அதே கைதான். காம்பிலிருந்து வந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஐரின் என்று ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். பாட்டிலை வாங்கிப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கறப்பதற்கு முன் கை கழுவுகிறாயா, மடியைத் துடைக்கிறாயா, மாடு படுக்கிற இடம் காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார்.

“எல்லாம் செய்றேன் டாக்டரம்மா. தாய் மாட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் வந்ததில்ல. இவளுக்கு மட்டும் ஏன்?”

“பாதி நம்ம கையில இருக்கும்மா, பாதி வம்சத்துல இருக்கு. மடி தொங்குறது, காம்பு ஓட்டை தளர்ந்து இருக்கறது, நோயைத் தாங்குற சக்தி, இதெல்லாம் வழிவழியா வரும். தாய் நல்ல தாய்தான். அப்பன் யாரு?”

“கோயில் காளை.”

“காளைக்கு மடி கிடையாதே, அதனால அதைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காளையோட அம்மா எப்படின்னு விசாரிச்சுப் பாருங்க” என்றார் டாக்டர்.

விசாரிக்க என்ன இருக்கிறது! பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டது. இப்போது ஊரில் திரிகிற கோயில் காளை பங்கிராஸ் அண்ணன் வீட்டு மாட்டின் கன்று. அந்த மாடு மடி பானையாய் வீங்கிச் சாகக் கிடந்தது, அதற்காகத்தான் நேர்ந்துகொண்டார். அதற்கு முந்தின காளையின் தாயும் நோயில் கிடந்த மாடுதான். அதற்கும் முந்தினது? அதுவும்தான். வேறு எப்படி இருக்கும்? நோய் வந்த மாட்டுக்குத்தானே நேர்ச்சை! நல்ல மாட்டுக்கு எவன் நேர்ந்துகொள்கிறான்? நோயே வராத மாடு போடுகிற காளைக்கன்றெல்லாம் காயடிபட்டு உழவுக்கோ அடிமாட்டுக்கோ போகிறது. நோயில் விழுந்த மாட்டுக் கன்றுக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, ஊர் மாடுகள் அத்தனைக்கும் அப்பனாக்கி விட்டிருக்கிறார்கள். வருசக்கணக்காக, பக்தியோடு!

“அடப் பாவிகளா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற ஆள் நகர்ந்து போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புருசன் ராயப்பராஜிடம் கொட்டித் தீர்த்தாள். ராயப்பராஜ் நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும்.

“சரிதான்” என்றார்.

“என்ன சரிதான்? இதை இப்படியே விடுறதா? அடுத்த கோயில் காளை நம்ம சிட்டு கன்னாத்தான் இருக்கணும். நான் விடப்போறதில்ல.”

“நேத்திக்கடன் இல்லாம வாங்குவாய்ங்களா?”

“ஏன் வாங்க மாட்டாய்ங்க? இருக்குறதுலயே நல்லதத்தான சாமிக்குக் குடுக்குறேங்கிறேன்!”

அவர் அரம் பிடித்துக் காய்த்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனார்.

சிட்டு அடுத்து பருவத்துக்கு வந்தபோது அவள் கோயில் காளையை அண்டவிடவில்லை. வந்ததைக் கல்லெடுத்து விரட்டினாள். அதற்கே ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. திண்டுக்கல்லுக்கு ஒதுக்குப்புறத்தில் சாகுல் ஹமீது என்று ஒருத்தர் மாடு வைத்துக்கொண்டு பிரியாணிக் கடைகளுக்குத் தயிர் கொடுத்துவந்தார். அவரிடம் ஒரு காளை நின்றது. சிட்டை ஓட்டிக்கொண்டு அங்கே போன செபஸ்தி, காளையை ஏறெடுத்தும் பார்க்காமல், “இதோட ஆத்தா எங்க பாய்?” என்று கேட்டாள்.

“இது என்ன கூத்து தங்கச்சி! மாப்பிள்ளைய நிக்க வச்சுட்டு மாமியாளப் பாக்கணுங்கறியே!”

“மாப்பிள்ளைக்கு மடியா இருக்கு பாய், தொட்டுப் பாக்க? மாமியாளக் காட்டுங்க.”

சாகுல் ஹமீது சிரித்துக்கொண்டே கூட்டிப்போனார். வயதான மாடு. செபஸ்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மடியைத் தடவினாள், நாலு காம்பையும் பீய்ச்சிப் பார்த்தாள், எத்தனை ஈத்து என்று கேட்டாள், எப்போதாவது வீங்கியதுண்டா என்று கேட்டாள். பாய் அல்லா மேல் ஆணையிட்டு இல்லை என்றார். அவள் அவரை நம்பினாளோ இல்லையோ, மடியை நம்பினாள். அப்புறம்தான் சிட்டின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

மேலே இருக்கிறவர் அவள் பக்கம்தான் இருந்தார் போலிருக்கிறது, காளைக்கன்றே பிறந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த கன்று. தொண்ணூற்றாறு கடைசியில், திருவிழாவுக்கு முன்னால் கமிட்டி கூடியது. கோயில் காளைக்கு வயதாகிவிட்டதால் புதுக் காளை விட வேண்டிய வருசம் அது. செபஸ்தி கன்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள்.

பங்கிராஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கன்றைப் பார்த்தார். “கன்னு நல்லாத்தான் இருக்கு. என்ன நேத்திக்கடன்?”

“நேத்திக்கடன் ஒண்ணுமில்லண்ணே. மாடு நல்லாருக்கு, ஒரு நோய் நொடி கிடையாது. அதான் குடுக்குறேன்.”

“நேத்திக்கடன் இல்லாத கன்னக் கோயில் வாங்காதுத்தா.”

“ஏன் வாங்காது?”

“சாமி காப்பாத்தினதுக்குக் குடுக்குறதுதான் காணிக்க. சும்மா குடுத்தா அது பெருமைக்கு.”

செபஸ்தி பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். ஒவ்வொரு காளையாக, அதன் தாயாக, எந்த மாடு எப்படிக் கிடந்தது என்று எடுத்து வைத்தாள். சொல்லச் சொல்ல எதிரே இருந்தவர்களின் முகம் இறுகியது.

“அப்போ அந்தோணியார் காளையாலதான் ஊருக்கு நோய் வருதுங்கிறியா?” என்றார் பங்கிராஸ்.

“அந்தோணியார நான் எங்கண்ணே சொன்னேன்? அவரு காளையக் கேக்கல, நீங்கதான் நோய்க் கன்னாப் பாத்துப் பொறுக்கி அவரு தலையில கட்டுறீங்க!”

அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்துகொண்டார்கள். தேவதூசணம் என்றார் ஒருவர். பொம்பளையை அடக்கி வை என்று ராயப்பராஜுக்குச் சொல்லியனுப்பினார் இன்னொருவர். பொங்கல் முடிந்ததும் கன்றைக் காயடித்துவிட வேண்டும், ஊருக்கு ஒரு காளைதான் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார் பங்கிராஸ்.

பங்குச் சாமியாரிடம் போனாள். நல்ல மனுசர். அவள் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “ஏம்மா, ஒரு வார்த்தைதானே? மாட்டுக்கு நடுவுல கொஞ்சம் நோகாமலா இருந்திருக்கும்? நேர்ச்சைன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயேன்” என்றார்.

இதையேதான் தெருவில் பெண்களும் சொன்னார்கள். பங்கிராஸின் பெண்சாதி கிளாராகூட குழாயடியில் வைத்துக் காதோடு சொன்னாள். “மடி வீங்குச்சுன்னு சொல்லிரு செபஸ்தி. ஒரு பேச்சுக்குத்தான. யாரு வந்து பாக்கப்போறா?”

“நான் பாத்தேன்ல மதினி! இத்தன வருசமா நாந்தான கறக்குறேன்! நோயே அண்டாதவளப் பாத்து, நோயாளின்னு எப்படி நாக்குக் கூசாமச் சொல்லுவேன்? அவ நல்லா இருக்குறதுதான் அவ குடுக்குற காணிக்க. அதையே மறைச்சுட்டுக் குடுக்கணுமா?”

“ஒனக்கு எல்லாத்துலயும் வீம்பு” என்று சொல்லிவிட்டுக் கிளாரா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திருவிழாவன்று செபஸ்தி பூசைக்குப் போவதில்லை என்றிருந்தாள். ராயப்பராஜ்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனார். வாசலில் நேர்ச்சைக் கன்றுகள் கட்டியிருந்தன. நடுவே, நெற்றியில் வெள்ளை விழுந்த அவள் கன்று நின்றது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருசன் முகத்தைப் பார்த்தாள். அவர் அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ராயப்பராஜ் செபஸ்தியம்மாள் வீட்டு மாடு கடுமையான மடிநோயில் கிடந்து, வனத்து அந்தோணியாரின் வேண்டுதலால் உயிர் பிழைத்தது. அதற்கு நன்றியாக அந்தக் குடும்பம் கொடுக்கும் இந்தக் கன்றே இனி கோயில் காளை.

கூட்டம் கைதட்டியது. நாலைந்து பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள், இப்போது வாயைத் திறப்பாள் என்று. ‘பொய், என் மாட்டுக்கு ஒரு நாளும் நோய் வந்ததில்லை’ என்று கத்த நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கத்தினால் கன்றை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மறுநாளே காயடிக்கிறவன் வந்து நிற்பான். பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு கன்றுக்கு மாலை விழும், இன்னும் எத்தனையோ வருசத்துக்கு ஊர் மாடெல்லாம் மடி வீங்கிக் கிடக்கும். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வெடித்தாள். “என்னப் பத்தி எதுனாலும் சொல்லிருந்தா பொறுத்துக்கிருவேன். வாயில்லாச் சீவனப் பத்தி ஊர் முன்னால பொய் சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?”

“கன்னு போயிருச்சுல்ல உள்ள” என்றார் ராயப்பராஜ். “நீ கேட்டது அதான?”

அவள் கேட்டது அதுவேதான். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோறுதான்.

கன்று வளர்ந்து காளையானது. அதற்குப் பிறந்த கிடேரிக் கன்றுகள் வளர்ந்து ஒன்றிரண்டு ஈத்துப் போட்டன. இரண்டாயிரம் தாண்டியபோது ஊரில் மடிநோய் குறைந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அடியோடு போய்விடவில்லை. சாணியில் படுக்கவிட்ட மாட்டுக்கு வரத்தான் செய்தது. ஆனால் தெருத் தெருவாகப் படுத்துக் கிடந்த காலம் போய்விட்டது. டீக்கடைக்காரர்கள் காய்ச்சிப் பார்க்காமலே பாலை வாங்கிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் காரணம் யார்? சிட்டா? செபஸ்தியா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மடிநோயில் சாகக் கிடந்த மாட்டைப் பிழைக்க வைத்த அந்தோணியாரின் புதுமை, அந்தப் புதுமைக் கன்று கொண்டுவந்த ஆசீர்வாதம் என்று திருவிழா தவறாமல் பிரசங்கம் நடந்தது. பங்கிராஸ் வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து சிட்டைக் காட்டினார். “அம்புட்டு நோயும் இந்த மடியிலதான் இருந்துச்சு” என்று விரலை நீட்டிச் சொன்னார். செபஸ்தி விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டுகிற சாக்கில் புழுதியைக் கிளப்பி விரட்டினாள்.

சிட்டு வயதாகி, ஒரு கோடையில் படுத்தபடியே செத்தது. கடைசிவரை நாலு காம்பும் உயிரோடுதான் இருந்தன. குழி தோண்டிப் புதைக்கும்போது எட்டிப்பார்த்த கிளாரா, “பாவம், எப்படியெல்லாம் நோய்ல கெடந்து பொழைச்ச மாடு” என்று உச்சுக்கொட்டினாள். குழாயடியில் இவளிடமே பொய் சொல்லச் சொன்னவள்! சொன்ன பொய்யை அவளே நம்பிவிட்டாளா, மறந்துபோனாளா? செபஸ்தி மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றாள். அன்றைக்கு அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருசத் திருவிழாவுக்கு மறுபடியும் புதுக் காளை விட வேண்டி வந்தது. பழைய காளையின் மகள்களே ஊர் முழுக்க நின்றதால் இனி அதை வைத்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா ஐரினும் சொல்லியிருந்தார். கோயில் வாசலில் கூடிய கூட்டத்தில் பங்கிராஸ் தலையை ஆட்டி வருத்தப்பட்டார்.

“முன்னெல்லாம் வாசல் கொள்ளாம நேத்திக்கடன் கன்னு நிக்கும். இப்ப ஊர்ல பக்தி கொறஞ்சுபோச்சு. ஒரே ஒரு கன்னுதான் வந்துருக்கு.”

அந்த ஒரே கன்று அவர் வீட்டுக் கன்றுதான். போன வருசம் சந்தையில் பெரிய மடியைப் பார்த்து ஒரு சினை மாடு வாங்கிவந்திருந்தார். அது வந்த கையோடு நோயில் விழுந்து, ஒரு காம்பு செத்து, நேர்ச்சையில் பிழைத்தது. ஊரிலேயே மடி கெட்ட மாடு அது ஒன்றுதான். அதன் கன்றுக்குத்தான் மாலை தயாராக இருந்தது.

செபஸ்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பக்தி கொறையல அண்ணே, நோய் கொறைஞ்சிருக்கு! அதனாலதான் கன்னு வரல. இது கூடவா ஒங்களுக்குப் புரியல? ஊரே நல்லாருக்கு, இருக்குற ஒரே சீக்கு மாட்டுக் கன்னத் தேடிப்பிடிச்சு ஊருக்கு அப்பனாக்குறீங்களே, கண்ணு அவிஞ்சா போச்சு?”

பங்கிராஸுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். “ஏத்தா, நீ பேசலாமா? ஒன் மாட்டுக் கன்னும் சீக்கு மாட்டுக் கன்னுதான? மடிநோய்ல கெடந்த மாட்டுக் கன்னுதான இந்த ஊரையே வாழ வச்சுச்சு? நேத்திக்கடனோட சக்திக்கு ஒன் வீடுதான் சாட்சி!”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. இத்தனை வருசம் விழுங்கி வைத்திருந்த பொய் இப்படித் திரும்பிவந்து அவள் கழுத்தையே பிடிக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

“என் சிட்டுக்கு நோயே வரல” என்று கத்தினாள். “ஒரு நாளும் வரல. அது பொய்!”

யாரும் நம்பவில்லை. அப்போது ராயப்பராஜ் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை.

“நாந்தான் பொய் சொன்னேன்” என்றார். “மாட்டுக்கு ஒண்ணுமே வரல. கன்னு உள்ள போகட்டுமேன்னு சொன்னேன்.”

பங்கிராஸ், “பாவம்ப்பா, வீட்டுல சோறு கெடைக்கணும்ல” என்றார். கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக மாலையும் விழுந்தது.

அன்று மாலையே செபஸ்தி திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். சாகுல் ஹமீதிடம், பழைய காளைக்கு எந்த உறவும் இல்லாத வேறொரு மாட்டின் மகன் ஒன்று, காளைப் பருவத்தில் நின்றது. வழக்கம்போல அதன் தாயின் மடியைத் தடவிப் பார்த்தாள். பிடித்துக்கொண்டு வந்து தெருவைப் பார்த்து வீட்டு வாசலில் கட்டினாள். கமிட்டி ஆளனுப்பியது. காயடி, இல்லையென்றால் விற்றுவிடு, இரண்டும் இல்லையென்றால் உன் வீட்டில் கோயில் வரி வாங்க மாட்டோம், நல்லது கெட்டதுக்கு வர மாட்டோம் என்றார்கள்.

“வாங்காதீங்க. வராதீங்க” என்றாள். “காளை இங்கதான் நிக்கும்.”

ராயப்பராஜ் பட்டறையிலிருந்து ஒரு சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்து காளையைப் பிணைத்தார். ராத்திரியில் எவனும் அவிழ்த்துவிடாமல் இருக்க. அவர் கொண்டுவந்ததைப் பார்த்ததும்தான் அவளுக்கு அந்த மனுசன் மேலிருந்த பழைய கோபம் தணிந்தது.

மாதக்கணக்கில் ஒரு மாடும் வரவில்லை. கோயில் கன்றோ இன்னும் காளையாகவில்லை. பழைய காளையைக் கமிட்டி விற்றுவிட்டது. மாடுகள் பருவத்துக்கு வந்து கத்தின. பெண்கள் செபஸ்தியின் வாசலைக் கடக்கும்போது காளையைப் பார்ப்பார்கள், அவளைப் பார்க்க மாட்டார்கள். அவளும் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம், ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கொல்லைப்புறத்துப் படலை யாரோ தட்டினார்கள். கிளாரா. கையில் கயிறு. கயிற்று முனையில், ஒரு காம்பு செத்த அந்தப் பெரிய மடி மாடு.

“செபஸ்தி, படலத் தெற” என்றாள் தாழ்ந்த குரலில். “அவுகளுக்குத் தெரியாது. செத்த நேரத்துல ஓட்டிட்டுப் போயிருவேன். இதுக்கு அடுத்த கன்னாவது இது மாதிரி இல்லாம இருக்கணும்த்தா. ராவும் பகலும் மடிக்குப் பத்துப் போட்டு என் கை வெந்துபோச்சு.”

செபஸ்தி படல் மேல் கை வைத்தாள். திறக்கவில்லை.

“மாட்டத் திருப்புங்க மதினி. சுத்திக்கிட்டு வாசல் வழியா வாங்க.”

“தெருவுல எல்லாரும் பாப்பாகளே!”

“பாக்கட்டும். பொய்யச் சொல்லி என் கன்னக் கொல்ல வழியா ஒரு தடவ உள்ள விட்டதுக்கு ஏழெட்டு வருசம் வெந்திருக்கேன். இன்னொரு தடவ விட மாட்டேன்.”

கிளாரா மாட்டை இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டைச் சுற்றி, தெருவில் திரும்பி, வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். செபஸ்தி வாசலை மறித்து நின்றாள்.

“என் சிட்டுக்கு நோய் வந்துச்சா மதினி?”

கிளாராவுக்கு முகம் சிவந்துவிட்டது. கயிற்றை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். “வரல” என்றாள், உதடு மட்டும் அசைய.

“எனக்குத் தெரியும். தெருவுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க.”

“ஏண்டி இப்படி மானத்த வாங்குற?”

“மானமா? அவ மானத்த வருசா வருசம் மைக் வச்சு வாங்குனீங்களே, அப்ப எங்க போச்சு? சொல்லுங்க, காளைய அவுக்குறேன். இல்லையா, மாட்ட ஓட்டிட்டுப் போங்க.”

பெரிய மடி மாடு வலியில் காலை மாற்றி மாற்றி வைத்தது. கிளாரா அதைப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பெண்களைப் பார்த்தாள். பிறகு தொண்டையைத் திறந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“செபஸ்தி மாட்டுக்கு ஒரு நாளும் நோய் வந்ததில்ல!”

செபஸ்தி வழியை விட்டு ஒதுங்கினாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் காளையின் பூட்டைத் திறந்தாள். எதிர்வீட்டுப் பெண்களில் ஒருத்தி மடியிலிருந்த புளியைக் கீழே தட்டிவிட்டு எழுந்து, தன் மாட்டைப் பிடித்துவரக் கொட்டத்துக்குள் போனாள்.